ஒரு ஸ்பூன் படிகாரம்

இன்று காலை குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. மழை பிடித்து நாலு நாள்தான் ஆகிறது. ஒவ்வொரு மழைத் தொடக்கத்திலும் இப்படித்தான் வரும், உங்களுக்குத் தெரியாததா. பக்கெட்டின் அடி தெரியவில்லை. ரேணு மூலைக் கடைக்கு ஓடிப்போய் ஒரு காகிதப் பொட்டலம் வாங்கி வந்து என் கையில் வைத்தாள்.

"துர்ட்டி வாங்கிட்டு வந்தேன். நீ இதுக்கு வேற என்னமோ சொல்லுவியே மா, படிகாரமா?"

பிரித்துப் பார்த்தேன். பெரிய கற்கண்டு மாதிரி ஒரு கட்டி. பதினொரு வருஷமாக நான் இந்த வீட்டுக்குள் படிகாரம் வாங்கியதில்லை. கலங்கல் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சிவிடுவேன். அது அவளுக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அவள் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். கம்பெனி வண்டி வரும் நேரம். வாரிக்கொண்டே சொன்னாள்: "நேத்து மழையில கேப் வரல. கூட வேலை பண்ற ஸ்னேஹாவோட அப்பா வந்து கார்ல டிராப் பண்ணாரு. நான் இறங்கும்போது தலையில கை வெச்சு, 'ஜா பேட்டா'ன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு மா. அப்பா ஒரு தடவை கூட அப்படி வெச்சதில்ல இல்ல? ஒருவேளை அவருக்கு என்னைப் பிடிக்காதோ என்னவோ."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. ரொம்ப நாள் முன்னால் முடிந்துபோன ஒரு விஷயத்தைச் சொல்வது போலச் சொன்னாள். கீழே வண்டி ஹாரன் அடித்தது. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் அசைந்தேன்.

அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்த வீட்டில் தமிழ் படிக்க இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. நீங்கள் இருந்தபோதும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பீர்கள். இங்கே கட்கியில் பிறந்து மராத்திப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். குடியாத்தத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்த புதிதில், "ஒரு பக்கம் படிச்சுக் காட்டு செல்வி" என்று வாரப் பத்திரிகையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்து கேட்பீர்கள். இதையும் அப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேணுவுக்குப் பத்து வயதாக இருந்தபோது உங்கள் பிரிவை மூடினார்கள். சிஞ்ச்வட்டில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில், நிக்கல் பூசும் பிரிவில் இருபது வருஷம் வேலை பார்த்தீர்கள். பச்சைக் கரைசல் நிரம்பிய தொட்டிகளைக் காவல் காப்பதுதான் உங்கள் வேலை என்று எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். "தொட்டி கலங்கிச்சுன்னா பூச்சு சொரசொரன்னு வரும். கண்ணாடி மாதிரி இருக்கணும். என் ஷிஃப்ட்ல ஒரு நாள் கலங்கினதில்ல" என்பீர்கள். அந்தப் பெருமைக்கு விலையாக உங்கள் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வெடித்துக் கிடந்தன. அரிப்பு. இரவும் பகலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பீர்கள். கம்பெனி டாக்டர், நிக்கல் தோலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, இனி போகாது என்று சொல்லியிருந்தார்.

ஆனாலும் அந்தக் கைகள்தான் தினமும் ரேணுவுக்குத் தலை வாரிவிட்டன. நான் சமையலில் இருப்பேன். நீங்கள் அவளை முக்காலியில் உட்காரவைத்து, இரட்டைப் பின்னல் போட்டு, பள்ளிக்கூட ரிப்பனைப் பூ மாதிரி முடிந்துவிடுவீர்கள். ஒரு பின்னல் மேலே ஒரு பின்னல் கீழே இருக்கும். அவள் டீச்சர் கேட்டால், "பப்பா நே பாந்தா", அப்பா கட்டிவிட்டார் என்று பெருமையாகச் சொல்வாள். அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பூச்சு வேலையை வெளியே கொடுத்துவிட்டோம், விருப்ப ஓய்வு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். யாருடைய விருப்பம் என்று நீங்கள் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில் வீட்டுக்கு வந்தீர்கள். முதல் வாரம் வீட்டிலிருந்த எல்லாத் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் விட்டீர்கள். இரண்டாம் வாரம் மிக்ஸியைக் கழற்றினீர்கள். மூன்றாம் வாரம் கழற்ற எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வானவடியில் இருந்த உங்கள் பள்ளித் தோழருக்கு மாற்றல் வந்தது. ராணுவ அலுவலகத்தில் கிளார்க். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வைத்திருந்தார். அஸ்ஸாம் வரை தூக்கிப் போக முடியாது, நீ வெச்சுக்கோ என்று கொடுத்துவிட்டார். டெம்போவின் பின்னால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்கள் வந்து இறங்கியதை மூன்றாம் மாடியிலிருந்து பார்த்தேன். வேலை போன பிறகு உங்கள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

"இருபது வருஷம் தொட்டிதான் பாத்தேன். இது என்ன பெரிய விஷயம்?" என்றீர்கள்.

கூழாங்கற்களைப் புதிதாக வாங்கிக் கழுவிப் பரப்பினீர்கள். வடிகட்டி, காற்றுக் குழாய், இரண்டு செடி. தண்ணீர் நிரப்பிய அன்றைக்கே ஒன்பது மீன்களை விட்டீர்கள். ரேணு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். மூன்றாம் நாள் காலையில் தொட்டி முழுக்க வெள்ளை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. மீன்கள் அதற்குள் நிழலாகப் போய் வந்தன.

ரேணு ஓடி வந்து சொன்னாள்: "பப்பா, பானி கந்தா ஆயிடுச்சு!"

நீங்கள் உடனே மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினீர்கள். கல்லையெல்லாம் எடுத்துத் தேய்த்துக் கழுவினீர்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்தீர்கள். சாயங்காலம் தெளிவாக இருந்தது. இரண்டு நாளில் மறுபடியும் வெள்ளை. மறுபடியும் இறைத்தீர்கள். நம் அடுக்குமாடி சொசைட்டியில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். நான் டிரம்மில் பிடித்து வைத்ததைத் தொட்டிக்கு ஊற்றினீர்கள். கீழ்வீட்டு அம்மாள் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று சண்டைக்கு வந்தாள். இரண்டு மீன்கள் செத்தன.

"ஏங்க, இதை யாருக்காவது குடுத்துடுங்க. குடிக்கவே தண்ணி இல்ல" என்றேன்.

"இதைக் கூடவா என்னால சரி பண்ண முடியாது?" என்று கேட்டீர்கள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

கடைசியில் மீன் வாங்கிய கடைக்குப் போனீர்கள். கடைக்காரர் வயசான மராத்திக்காரர். நீங்கள் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். "பாண்யாலா ஹாத் லாவூ நகா." தண்ணீரில் கையை வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து எனக்கும் விளக்கினீர்கள். மீனின் கழிவையும் மிஞ்சின தீனியையும் தின்று தண்ணீரைச் சரியாக்குகிற கிருமிகள் இருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை இல்லை. கல்லிலும் பஞ்சிலும் அவை ஒட்டி வளர நாளாகும். அதுவரை வேறு கிருமிகள் பெருகித் தண்ணீர் வெள்ளையாகத்தான் தெரியும். நாம் கழுவும்போதெல்லாம் வந்து சேர்ந்ததையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை தீனி, காற்றுக் குழாய் நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து நாளோ இருபது நாளோ, தானாகத் தெளியும்.

"பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கணுமாம் செல்வி" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அப்போது சும்மா இருப்பதைத் தவிர உங்களுக்கு வேறு எதுவும் இல்லை. போசரியில் ஒரு சின்னப் பூச்சுப் பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுச் சொல்லி வைத்திருந்தீர்கள். அவர்களும் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள்.

காத்திருந்தீர்கள். தொட்டிக்கு எதிரே முக்காலியைப் போட்டு, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் துடைப்பத்தோடு வந்தால் காலை மட்டும் தூக்குவீர்கள். ஒன்பது நாள் அப்படி இருந்தீர்கள். ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டு, "பின்னாடி இருக்கற செடி இன்னிக்குக் கொஞ்சம் தெரியுது பார்" என்றீர்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை போசரியில் நேரில் வரச் சொன்னார்கள். மறுநாள் மும்பையிலிருந்து உங்கள் தம்பி குடும்பத்தோடு வருவதாக இருந்தது. வேலை போன பிறகு முதல் தடவையாக வருகிறார்கள். நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பினீர்கள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து தொட்டியைப் பார்த்தீர்கள். ஒரு செடி சாய்ந்திருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, உள்ளே கைவிட்டு அதை நிமிர்த்தி வைத்தீர்கள். துடைத்துக்கொண்டு போனீர்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன பிறகு வீட்டைப் பெருக்கினேன். திரைச்சீலை மாற்றினேன். எவ்வளவு ஒழுங்கு பண்ணினாலும் ஹாலின் நடுவே அந்த வெள்ளைத் தொட்டி அழுக்குத் துணி ஊறவைத்த மாதிரி நின்றது. உங்கள் தம்பி மனைவி உள்ளே நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். ஊருக்குப் போனதும் அதைத்தான் சொல்வாள். உங்கள்மேல் எனக்கு இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைவிட வெட்கம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

சமையலறையில் படிகாரம் இருந்தது. மழைக்காலத்தில் டிரம் தண்ணீரில் நாலு சுற்றுச் சுற்றுவேனே, அதே கட்டி. குடிக்கிற தண்ணீருக்கே போடுகிறோம், மீனுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். தொட்டியில் விட்டுச் சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. பொறுமை இல்லை. கட்டியை அம்மியில் பொடித்து ஒரு ஸ்பூன் நிறையப் போட்டுக் கலக்கினேன். மத்தியானத்துக்குள் வெள்ளையெல்லாம் பஞ்சுப் பஞ்சாகத் திரண்டு கீழே இறங்கியது. வடிகட்டி அதில் பாதியை இழுத்துக்கொண்டது. சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

நீங்கள் ஆறு மணிக்கு வந்தீர்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள்.

நான் வாயைத் திறந்தேன், அது சத்தியம். சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் நீங்கள் "ரேணு! இங்க வா, சீக்கிரம் வா!" என்று கத்தினீர்கள். அவளைத் தூக்கித் தொட்டிக்கு முன்னால் நிறுத்தி, "பாத்தியா? பப்பா கை வெக்காம விட்டேன். தானா தெளிஞ்சுது பாத்தியா?" என்றீர்கள். போசரியிலும் அநேகமாகச் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்றீர்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்ததைத் திருப்பித் திருப்பிச் சொன்னீர்கள். அந்த முகத்துக்கு எதிரே நின்று, இல்லை, இது தானாகத் தெளியவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? நாளைக்குச் சொல்லலாம் என்று டீ போடப் போனேன்.

மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றுக் குழாயை அதிகமாக்கினீர்கள். பத்து மணிக்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. உங்கள் தம்பி வந்து மணி அடித்தபோது ஏழாவது மீனைக் கரண்டியில் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ரேணு சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னண்ணா ஆச்சு?" என்று தம்பி கேட்டார்.

நீங்கள் உங்கள் கையைப் பார்த்தீர்கள். "கை வெக்காதேன்னாரு. நேத்து காலையில வெச்சேன். செடி சாஞ்சிருந்துது, நிமித்தினேன். இருபது வருஷம் நிக்கல்ல முக்கின கைடா. தண்ணியில இறங்கியிருக்கும்."

"அதெல்லாம் இருக்காதுண்ணா" என்றார் தம்பி. நான் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் உங்களுக்கென்று தனிச் சோப்பு வாங்கி வந்தீர்கள். மறுநாள் காலை ரேணு சீப்போடு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். "இனிமே அம்மா கட்டிவிடுவாங்க" என்று எழுந்து பால்கனிக்குப் போனீர்கள். அவள் சீப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு நீங்கள் அவள் தட்டைத் தொடவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டீர்கள். சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடிக்காமல் பள்ளிக்கூடப் பையின் வாரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

நான் மறுவாரம் அந்த மீன் கடைக்குத் தனியாகப் போனேன். தெரிந்துகொள்ளத்தான் போனேன். நீங்கள் நினைத்ததுதான் உண்மையாக இருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே உட்காரச் சொன்னார். படிகாரம் என்றதும், "அரே தேவா" என்றார். பிறகு ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்: "பானி சாஃப் ஹோ ஜாதா ஹை தாயி, மகர் மச்லி கா தம் குட் ஜாதா ஹை." தண்ணீர் சுத்தமாகிவிடும், மீனுக்கு மூச்சு முட்டிவிடும். அவ்வளவு படிகாரம் தண்ணீரை அமிலமாக்கிச் செவுளைச் சுட்டுவிடுமாம். கை பட்டதாலா என்று கேட்டேன். ஒரு தடவை கைவிட்டால் மீன் சாகாது என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபோது நீங்கள் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். போசரியிலிருந்து வந்த ஃபோன். "வேணாம் சேட். வேற ஆள் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டீர்கள்.

"ஏங்க, நல்ல வேலை ஆச்சே?" என்றேன்.

"மறுபடியும் அந்த நிக்கல் தொட்டியில கை வெக்க மாட்டேன் செல்வி. வீட்ல குழந்தை இருக்கு."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் மீனை மட்டுமா கொன்றேன் என்றாகும். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள அது பெரிதாகிக்கொண்டே போனது. தொட்டியைப் பழைய சாமான்காரன் எடுத்துப் போனான். நீங்கள் செக்யூரிட்டி வேலைக்குப் போனீர்கள். முதலில் ஒரு குடோன் வாசல். அப்புறம் ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றின் கேட். உங்களுக்குப் பாதி வயதுப் பையன்களின் வண்டிக்குக் கயிற்றை இழுத்துக் கம்பத்தைத் தூக்கி, சல்யூட் அடித்தீர்கள். நாலு வருஷம்.

அந்தக் கம்பெனி ஹாலில் பெரிய மீன் தொட்டி இருப்பதாகச் சொல்வீர்கள். ஒரு நாள் அதைச் சுத்தம் செய்ய வந்தவன் உங்களைக் கூப்பிட்டு வலையைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லியிருக்கிறான். சாப்பிடும்போது அதைச் சொன்னீர்கள். "நான் கிட்டயே போகல. 'பாய், என் கை பட்டா உன் மீனெல்லாம் போயிடும்'னேன். பயந்துட்டான்." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பூன், அம்மி, மீன் கடைக்காரர், எல்லாம். நீங்கள் நிமிரவில்லை. ஒரு காலைக் கட்டி முடித்தீர்கள். இன்னொரு காலையும் கட்டினீர்கள்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா போசரிக்குப் போயிருப்பேன்" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு, "டிபன் வெச்சுட்டியா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனீர்கள்.

அன்று சாயங்காலம் சீக்கிரம் வந்துவிட்டீர்கள். ரேணு ஹால் மேஜையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். பதினாலு வயசு. நீங்கள் நேராகக் குளியலறைக்குப் போய் முகம் கழுவி, கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தீர்கள். அவளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றீர்கள். வலது பக்கமாகக் கையைக் கொண்டுபோய் அவள் தலையில் வைக்கப் போனீர்கள். விரல்கள் மடங்கியே இருந்தன. ஒரு சூடான பாத்திரத்தைத் தொடப்போகிற மாதிரி.

அவள் திடுக்கிட்டுத் தலையை ஒதுக்கினாள். "க்யா பப்பா! இப்பதான் வாரினேன், கலைஞ்சுடும்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். உங்கள் கை அப்படியே நின்றது. பிறகு அதைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டீர்கள். "படி படி" என்று பால்கனிக்குப் போய்விட்டீர்கள். மறுபடியும் நீங்கள் முயற்சி செய்து நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு எட்டு மாதம் இருந்தீர்கள். தனிச் சோப்புத் தீர்ந்தது, வேறு வாங்கவில்லை. கையால் சாப்பிட்டீர்கள். என்னிடம் முன்போலத்தான் பேசினீர்கள், அதைவிடக் கொஞ்சம் குறைவாக. மன்னித்தீர்களா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டீர்கள்:

"எவ்ளோ போட்டே?"

எதைக் கேட்கிறீர்கள் என்று எனக்கு உடனே தெரிந்தது. "ஒரு ஸ்பூன். நிறைய."

"ஒரு ஸ்பூனா! ஃபேக்டரியில அவ்ளோ பெரிய தொட்டிக்குக் கூட நாங்க கெமிக்கலை அளந்து அளந்துதான்டி போடுவோம்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கும் வந்தது. பிறகு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம். நாம் சேர்ந்து சிரித்தது அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை.

ஒரு மத்தியானம் கேட் பக்கத்துக் கூண்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். கூட வேலை செய்தவர்கள்தான் வந்து சொன்னார்கள். வலியே இருந்திருக்காது என்றார்கள்.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை. இன்று ஞாயிறு. மீதியை எழுதுகிறேன்.

நேற்று ரேணுவுக்கு விடுமுறை. மத்தியானம் சாப்பிட்டதும் அவளை உட்காரவைத்து, இந்தத் தாள்களை எடுத்து வந்து படித்தேன். அவளுக்குப் புரியாத சொற்களை ஹிந்தியில் சொன்னேன். போசரி வேலையை நீங்கள் வேண்டாம் என்ற இடத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். நான் நிறுத்தினேன். "படி" என்றாள். கடைசி வரி வரை படித்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். வெளியே மழை விட்டு, கீழ்வீட்டு ஜன்னல் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் எங்க உக்காந்திருந்தேன்?" என்று கேட்டாள்.

"இதே மேஜைதான். வாசலைப் பாத்து."

"எனக்கு ஞாபகமே இல்ல மா. குச் பீ யாத் நஹி."

நாற்காலியை இழுத்துப் போட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். "காட்டு. அப்பா எப்படி வந்தாரு?"

எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். வலது பக்கமாக, நீங்கள் செய்தது போலவே, விரலை மடக்கி மெதுவாகக் கையைக் கொண்டுபோனேன். அவள் அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என் கை தலையில் பட்டது.

"நீ இல்லம்மா" என்றாள். கோபமில்லாமல், மெதுவாகத்தான் சொன்னாள்.

கையை எடுத்துக்கொண்டேன்.

நேற்றிலிருந்து என்னோடு அதிகம் பேசவில்லை. சாப்பிடுகிறாள், துணி மடிக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். சரியாகுமா, எப்போது ஆகும் என்று தெரியாது. அவசரப்படுத்த மாட்டேன். அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்காது என்ற நினைப்பு மட்டும் இனி அவளிடம் இருக்காது. பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே போசரியைப் பற்றி நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் அது எனக்குச் சொன்னது. அதை நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.